2000 மடங்கு என்று எழுதிய நுண்ணோக்கியில் 400-க்கு மேல் எதுவும் தெளிவாக இல்லை: விவாத இழை

கேள்வி: ஜூன் 7, ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு வாசகர்

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு இணையத்தில் ஒரு நுண்ணோக்கி வாங்கினோம். பெட்டியில் 40 முதல் 2000 மடங்கு வரை என்று போட்டிருக்கிறது. 4, 10, 40, 100 என்று நான்கு பொருளருகு வில்லைகளும், 10, 20 என்று இரண்டு கண்ணருகு வில்லைகளும் உள்ளன. இரண்டின் எண்களையும் பெருக்கினால் வருவதுதான் மடங்கு. வெங்காயத் தோல் 100 மடங்கில் நன்றாகத் தெரிகிறது. 400-இல் ஓரளவு தெரிகிறது. 1000-இல் சாம்பல் மூட்டம் மட்டுமே. 2000-இல் வெறும் இருட்டு. கருவி பழுதா? திருப்பி அனுப்பும் கெடு இந்த வாரத்தோடு முடிகிறது.

ஜூன் 7, இரவு

திருப்பி அனுப்ப வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கருவி நன்றாகவே வேலை செய்கிறது. பெட்டியில் உள்ள எண்தான் வாங்குபவரைத் தவறான இடத்தில் எதிர்பார்க்க வைக்கிறது.

100 என்று எழுதிய வில்லைக்கும் சிலைடுக்கும் இடையே ஒரு சொட்டு எண்ணெய் விட்டீர்களா? விடவில்லை என்றால் அந்தச் சாம்பல் மூட்டத்துக்குக் காரணம் அதுதான். அந்த வில்லையின் பக்கவாட்டில் 1.25 என்ற எண்ணும் ‘ஆயில்’ என்ற சொல்லும் பொறிக்கப்பட்டிருக்கும். கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும் ஒளிக்கதிர்களில் சாய்வானவை விலகிப்போய்விடுவதால் வில்லையின் வாய்க்குள் நுழைவதில்லை. கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணுக்கு நெருங்கிய, ஏறத்தாழ 1.515 எண்ணுடைய எண்ணெய் நடுவில் இருந்தால் அவை நேராக உள்ளே போகும். நுட்பமான விவரங்களைச் சுமந்து வருபவை அந்தச் சாய்வான கதிர்களே.

20 கண்ணருகு வில்லையை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

ஜூன் 8, காலை

எண்ணெய் பற்றிக் கேட்டதற்கு, பெட்டியில் ஒரு சிறு குப்பி இருந்தது என்றும், அதைத் திருகுகளுக்குப் போடும் எண்ணெய் என்று எண்ணி வைத்துவிட்டதாகவும் பதில் வந்திருக்கிறது. அதுதான் இம்மர்ஷன் எண்ணெய். ஆனால் வெங்காயத் தோலின்மீது அதைப் பயன்படுத்த வேண்டாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

உருப்பெருக்கத்தின் ஒவ்வொரு படியும் வேறு ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது. 40 மடங்கில் ‘எங்கே இருக்கிறது’, 100 மடங்கில் ‘எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது’, 400 மடங்கில் ‘உள்ளே என்ன இருக்கிறது’ என்று கேட்கலாம். 1000 மடங்கு என்பது பாக்டீரியா, இரத்த அணு, மலேரியா ஒட்டுண்ணி போன்ற மிகச் சிறியவற்றை, மெல்லியதாகப் பரப்பி, உலர்த்தி, சாயமேற்றிய பின் பார்ப்பதற்கான படி. ஈரமான வெங்காயத் தோலை அங்கே கொண்டுபோனால் செல்சுவரின் ஒரு துண்டு மட்டுமே கண்ணுக்குக் கிடைக்கும். அதற்கு மேலும் கீழும் உள்ள அடுக்குகள் எல்லாம் கலங்கலாக அதன்மீது விழும். நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விட்டு, 400-இல் நிறுத்தினால் உட்கரு ஒவ்வொரு செல்லிலும் பழுப்பு வட்டமாகத் தெரியும். வெங்காயத்துக்கு அதுவே போதும்.

ஜூன் 8, இரவு

‘அதிக மடங்கு என்றால் அதிக விவரம்தானே, இது என்ன வாதம்?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அல்ல. விவரத்தைத் தீர்மானிப்பது வில்லையின்மீது மடங்குக்கு அடுத்துப் பொறித்திருக்கும் இன்னொரு எண். 4-க்கு 0.10, 10-க்கு 0.25, 40-க்கு 0.65, 100-க்கு 1.25 என்று சாதாரண மாணவர் நுண்ணோக்கிகளில் இருக்கும். நியூமெரிக்கல் அப்பர்ச்சர் என்று சொல்வார்கள், ஆய்வகத்தில் என்.ஏ. என்போம். பொருளிலிருந்து வரும் ஒளியை வில்லை எவ்வளவு அகலமான கூம்பாக வாங்கிக்கொள்கிறது என்பதன் அளவு அது. ஒளியின் அலைநீளமும் இந்தக் கூம்பின் அகலமும் சேர்ந்துதான் எல்லையை வகுக்கின்றன என்பதை யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபே 1873-இல் காட்டினார்.

பச்சை ஒளியை, அதாவது 0.55 மைக்ரான் அலைநீளத்தை, எடுத்துக் கணக்கிட்டால் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 4 வில்லை பிரித்துக் காட்டும் மிகச் சிறிய இடைவெளி ஏறத்தாழ 3.4 மைக்ரான். 10-க்கு 1.3, 40-க்கு 0.5; எண்ணெயோடு 100-க்கு 0.27. இப்போது பெட்டியில் உள்ள 2000-க்கு வருவோம். 0.27 மைக்ரான் இடைவெளியை 1000 மடங்கு பெருக்கினால் 0.27 மி.மீ. ஆகிறது. நல்ல பார்வையுடையவர் 25 செ.மீ. தொலைவில் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை பிரித்தறிய முடியும் என்பதால், வில்லை தந்த விவரம் முழுவதும் அங்கேயே கண்ணுக்கு வந்து சேர்ந்துவிட்டது. 2000 மடங்கில் அதே இரண்டு புள்ளிகள் இன்னும் விலகி நிற்கும். நடுவே புதிதாக எதுவும் தோன்றாது. ஒளியும் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வாசகர் கண்ட இருட்டு அதுதான்.

என்.ஏ.-வின் 500 மடங்கிலிருந்து 1000 மடங்கு வரை பயனுள்ள உருப்பெருக்கம் என்பது நடைமுறை விதி. 1.25-க்கு அது 625 முதல் 1250 வரை.

ஜூன் 9, காலை

கைப்பேசிக் கேமராவைக் கண்ணருகு வில்லைமேல் வைத்துப் படமெடுத்து, அதை விரலால் விரித்துப் பார்ப்பவர்களுக்கும் மேலே சொன்னது பொருந்தும்.

ஜூன் 11, இரவு

40 வில்லையில் சிலைடு குவியத்துக்கு வரவே மறுக்கிறது என்று எலகங்காவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். 4-இலும் 10-இலும் நன்றாக இருக்கிறதாம். 40-க்குத் திருப்பினால் வில்லை கண்ணாடியில் இடிக்கிறதாம். கடையில் ‘வில்லை மட்டம்’ என்று சொன்னார்களாம்.

சிலைடைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பொருளை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் சிலிப் மேலே இருக்க வேண்டும். சிலைடின் கனம் 1 மி.மீ.-க்குக் குறைவதில்லை, 40 வில்லையின் முனைக்கும் பொருளுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரமோ பெரும்பாலும் 0.6 மி.மீ. அளவுதான். கவர் சிலிப் கீழே போய்விட்டால், குவியம் கிடைப்பதற்கு முன்பே வில்லை கண்ணாடியைத் தொட்டுவிடும். 4-க்கும் 10-க்கும் இடைவெளி தாராளமாக இருப்பதால் அங்கே இந்தக் கோளாறு வெளியே தெரியாது. பிள்ளைகள் செய்யும் சிலைடுகளில் நான் அதிகம் பார்த்தது இதுதான், அதனாலேயே வில்லையைக் குறை சொல்லுமுன் சிலைடைக் கையில் எடுத்துப் பாருங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

இன்னொன்று, 10-இல் குவியப்படுத்திய பின் 40-க்குத் திருப்பும்போது பெரிய திருகைத் தொடவே கூடாது. ஒரு வில்லையிலிருந்து அடுத்ததற்கு மாறினாலும் குவியம் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கும்படிதான் இவற்றைச் செய்கிறார்கள். நுண் திருகைச் சற்று அசைத்தால் போதும்.

ஜூன் 12, மாலை

எலகங்கா வாசகரின் சிலைடு தலைகீழாகத்தான் இருந்திருக்கிறது. வில்லைக்குக் கீறல் விழவில்லை. 40, 100 வில்லைகளின் முனை இடித்தால் உள்வாங்கும்படி பெரும்பாலான கருவிகளில் சுருள்வில் வைத்திருப்பார்கள். அதை நம்பி இடிக்க விடக் கூடாது.

ஜூன் 15, காலை

முதல் குறிப்பில் 20 கண்ணருகு வில்லையை எடுத்து வைக்கச் சொன்னேன். 100-உடனும் 40-உடனும் அந்தச் சொல் அப்படியே நிற்கிறது. ஆனால் பயனுள்ள உருப்பெருக்கத்தின் விதியைக் கீழ்ப் படிகளுக்கும் போட்டுப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. 10 வில்லையின் 0.25-க்கு அது 125 முதல் 250 வரை. 10 கண்ணருகு வில்லையோடு நமக்குக் கிடைப்பது 100 மடங்கு மட்டுமே, அதாவது வில்லை தரும் விவரம் முழுவதையும் கண் வாங்கிக்கொள்ளவில்லை. 20-ஐப் போட்டால் 200 ஆகி, எல்லைக்குள் வந்துவிடுகிறது. 4 வில்லைக்கும் அவ்வாறே 80 மடங்கு சரியாகப் பொருந்துகிறது. ஆகவே, பெட்டிக்காரர் 2000 என்று காட்டுவதற்காக வைத்த அந்த வில்லை, மிகக் கீழான இரண்டு படிகளில்தான் உண்மையில் உதவுகிறது. கண்ணை அதற்கு மிக நெருங்கி வைக்க வேண்டும், புலமும், அதாவது ஒரு பார்வையில் தெரியும் வட்டமும், குறுகும். கண்ணாடி அணிந்தவர்களுக்குச் சிரமம். மகரந்தத்தையோ பட்டாம்பூச்சிச் சிறகின் செதில்களையோ பார்க்கும் பிள்ளைக்கு அது ஒரு நல்ல படி.

ஜூன் 15, இரவு

கேள்வி கேட்டவரின் மகளுக்கு ஒரு வேலை: ஒளி ஊடுருவும் அளவுகோலை மேடைமேல் வைத்து 4 வில்லையில் பார்க்கட்டும். வட்டத்தின் குறுக்கே எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளட்டும். அந்த எண்ணை வைத்து மற்ற வில்லைகளின் புலத்தையும் கணக்கிடலாம்.

ஜூன் 16, இரவு

நாலரை மில்லிமீட்டர் தெரிகிறதாம். அப்படியானால் 10-இல் புலம் 1.8 மி.மீ., 40-இல் 0.45 மி.மீ., 100-இல் 0.18 மி.மீ. அந்தச் சிறுமி இதைத் தானே வகுத்துக் கண்டுபிடித்து எழுதியிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இனி அவள் எந்தச் சிலைடைப் பார்த்தாலும் ‘பெரியதாகத் தெரிகிறது’ என்று சொல்லாமல், அது எவ்வளவு மைக்ரான் என்று சொல்ல முடியும். 40-இல் புலத்தின் பாதியை ஒரு பொருள் அடைத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 225 மைக்ரான்.

இந்தக் கணக்கில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 4-இலிருந்து 40-க்குப் போகும்போது புலத்தின் விட்டம் பத்தில் ஒன்றாகிறது; பரப்போ நூறில் ஒன்றாகிறது. நேரடியாக 40-இல் தேடத் தொடங்குபவர், 4-இல் ஒரு பார்வையில் கிடைக்கும் இடத்தை நூறு இடங்களாகத் துழாவ வேண்டும். ‘எங்கள் சிலைடில் ஒன்றுமே இல்லை’ என்று சொல்லும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த நூறில் ஒன்றையோ இரண்டையோ மட்டுமே பார்த்திருப்பார்கள்.

ஜூன் 20, இரவு

அல்சூர் ஏரி நீரில் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி ஓடிக்கொண்டே இருக்கிறது, எப்படிப் பிடிப்பது என்று கேட்டவருக்கு: 40-இல் துரத்த வேண்டாம். அது ஒரு நொடியில் ஏறத்தாழ 1 மி.மீ. நீந்தக்கூடியது, 40-இன் புலம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. நீங்கள் மேடையைத் திருப்புவதற்குள் போய்விடும், அதுவும் பிம்பம் தலைகீழாக இருப்பதால் அது வலப்புறம் ஓடும்போது சிலைடை எந்தப் பக்கம் தள்ளுவது என்று கை தடுமாறும். 10-இல் வைத்தால் அது போகும் வழியும், தடையில் முட்டிப் பின்வாங்கித் திசை மாற்றுவதும் முழுவதாகத் தெரியும். அதன் உடலுக்குள் நீர் வெளியேற்றும் நுண்குமிழ் சுருங்கி விரிவதைக் காண விரும்பினால், கவர் சிலிப்புக்கு அடியில் சிறிது பஞ்சு இழைகளைப் பிரித்து வையுங்கள். இழைகளுக்கு நடுவே அகப்பட்டு நிற்கும்போது 40-க்குப் போகலாம்.

ஏரி பச்சையாகிப் படலம் கட்டியிருக்கும் நாட்களில் வெறும் கையால் நீரைத் தொட வேண்டாம். நீலப்பசும்பாசிகளில் சில நச்சுத்தன்மை கொண்டவை.

கொசுப் புழுவை முழுவதாகப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நன்கு வளர்ந்த புழு 4 வில்லையின் புலத்தைவிட நீளமாக இருக்கும். அதற்கு இந்த நுண்ணோக்கியே தேவையில்லை. 10 மடங்குக் கைவில்லை போதும்.

ஜூன் 22, காலை

கன்னத்தின் உட்புறச் செல்கள் 100 மடங்கில் தெரியவில்லை, 400-இலும் தெரியவில்லை என்ற புகாருக்கு மடங்கில் விடை இல்லை. மேடைக்குக் கீழே உள்ள டயஃப்ரத்தை, அதாவது ஒளியைக் கட்டுப்படுத்தும் துளையை, சுருக்குங்கள். சாயமில்லாத செல் கண்ணாடிபோல இருக்கும். ஒளியை முழுவதும் திறந்துவிட்டால் அது வெள்ளத்தில் கரைந்துவிடும். சுருக்கினால் விளிம்புகள் எழும்பும். மிகையாகச் சுருக்கினால் விளிம்பைச் சுற்றிக் கோடுகள் தோன்றி நுணுக்கம் கெடும். ஒவ்வொரு படி ஏறும்போதும் டயஃப்ரத்தைச் சற்றுத் திறக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை; வில்லை மாறியதும் படம் மோசமாகிறது என்று பலர் எண்ணுவதற்குப் பாதிக் காரணம் இது. மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு கிடைத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

ஜூன் 28, இரவு

நீண்ட குறிப்பு. பெங்களூரின் மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகள் சளி மாதிரிகளைப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

காசநோய்க் கிருமியை மரபான முறையில் சிவப்புச் சாயம் ஏற்றி, நீலப் பின்புலத்தில், எண்ணெயோடு 100 வில்லையில் தேடுவோம். ஒரு மாதிரியில் கிருமி இல்லை என்று எழுதுவதற்கு முன் 100 புலங்களையாவது பார்த்தாக வேண்டும். நூறு புலங்களில் ஒன்று முதல் ஒன்பது கிருமிகள் கிடைத்தால் அந்த எண்ணை அப்படியே எழுத வேண்டும். பத்து முதல் தொண்ணூற்றொன்பது வரை என்றால் 1+ என்று தரம் குறிக்க வேண்டும். பெங்களூரில் 1959-இல் தொடங்கப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனம் நாடு முழுவதும் இருந்து வரும் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் இடம். நம் ஊரில் இந்த வேலை செய்தவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானது.

பிறகு எல்.ஈ.டி. ஒளிர்வு நுண்ணோக்கி வந்தது. ஆரமின் சாயம் ஏறிய கிருமி இருண்ட பின்புலத்தில் ஒளிர்கிறது. அதைத் தேட எண்ணெயும் வேண்டியதில்லை, 1000 மடங்கும் வேண்டியதில்லை. 20 அல்லது 40 வில்லையே போதும். கிருமியின் அகலம் அரை மைக்ரானுக்கும் குறைவு. அதன் வடிவத்தைப் பிரித்துக் காட்ட 20 வில்லையால் முடியாது என்றாலும், வானில் விண்மீன் தெரிவதுபோல அது ஒளியாகத் தெரிந்துவிடுகிறது. 40-இன் ஒரு புலம் 100-இன் ஆறு புலங்களுக்கும் மேலான பரப்பைக் காட்டுவதால், அதே நேரத்தில் மாதிரியில் கூடுதலான பகுதியைப் பார்த்துவிடலாம். கிருமி மிகக் குறைவாக உள்ள நோயாளி தவறிப்போகாமல் இருப்பதற்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை அந்த வேலையில் இருந்தவர்கள் அறிவார்கள். மடங்கைக் குறைத்ததால் நோய் கண்டுபிடிப்பு மேம்பட்டது. இந்த இழையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருவதற்கு இதைவிட வலுவான சான்று என்னிடம் இல்லை.

ஜூன் 29, காலை

‘அப்படியானால் எப்போதும் 4-இல் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏற வேண்டும் என்பது மாறாத விதியா?’ என்று நேற்றைய குறிப்பின் கீழ் கேட்டிருக்கிறார்கள். கற்பவர்களுக்கு ஆம். ஆனால் இரத்தப் பூச்சில், அதாவது சிலைடில் மெல்லியதாகப் பரப்பி உலர்த்திய இரத்தத்தில், நாங்கள் அப்படிச் செய்வதில்லை. 10-இல் பூச்சின் மெல்லிய பகுதியை, அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரவிய இடத்தைத் தேடிக்கொண்டு, எண்ணெய் விட்டு நேராக 100-க்குப் போவோம்.

40-ஐத் தாண்டிப் போவதற்குக் காரணம் உண்டு. அந்த வில்லையின் பக்கத்தில் 0.17 என்று எழுதியிருக்கிறதே, அது கவர் சிலிப்பின் கனம், மில்லிமீட்டரில். அந்தக் கனமுள்ள கண்ணாடி மேலே இருக்கிறது என்று எண்ணித்தான் வில்லையைத் திருத்தி அமைத்திருக்கிறார்கள். கவர் சிலிப் இல்லாத உலர்ந்த பூச்சை அதில் பார்த்தால் படம் பனி படிந்தாற்போல் இருக்கும். 10-க்கு இது பொருட்டில்லை. 100-க்கு எண்ணெய் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. 40 மட்டும்தான் அகப்பட்டுக்கொள்கிறது. 40-இலும் பார்த்தாக வேண்டும் என்றால், பூச்சின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அதன்மேல் கவர் சிலிப்பை இடுவது ஆய்வகங்களில் வழக்கம்.

எண்ணெய் விட்ட பிறகு, துடைக்காமல் 40-க்குத் திரும்பி வராதீர்கள். அது எண்ணெய்க்கான வில்லை அல்ல. முனையில் எண்ணெய் படிந்தால் அதன்பின் எல்லாச் சிலைடும் மங்கலாகவே தெரியும். துடைக்க வில்லைத் தாள் மட்டும். சட்டை நுனி கூடாது.

ஜூலை 2, இரவு

ரொனால்ட் ராஸ் பழைய கருவியை வைத்துக்கொண்டே மலேரியா பரவும் வழியைக் கண்டுபிடித்தார் என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். அவர் 1883-இல் நம் பெங்களூரில் பணியாற்றியவர். 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்தராபாத்தில், நோயாளியின் இரத்தம் குடித்த கொசுவின் இரைப்பைச் சுவரில், கரும் நிறமித் துகள்கள் கொண்ட வட்டமான செல்களைக் கண்டார். அவர் குறித்த அளவு ஏறத்தாழ 12 மைக்ரான். நம் சிவப்பணுவைவிடப் பெரியது. அது கண்ணுக்கு எட்டாத நுணுக்கம் அல்ல. கொசுவின் இரைப்பையை அதற்கு முன் திரும்பத் திரும்ப அறுத்துப் பார்த்து, அங்கே இயல்பாக என்ன இருக்கும் என்று தெரிந்து வைத்திருந்ததால்தான் இயல்பில்லாத ஒன்றை அவரால் அடையாளம் காண முடிந்தது.

லேவன்ஹூக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். டெல்ஃப்ட் நகரில் ஒற்றை வில்லையோடு 1676-இல் பாக்டீரியாக்களைப் பற்றி எழுதியவர். இன்று எஞ்சியிருக்கும் அவருடைய வில்லைகளில் மிகச் சிறந்தது ஏறத்தாழ 270 மடங்கு பெருக்குகிறது.

ஜூலை 3, காலை

வைரஸ் தெரியுமா என்றால், தெரியாது. கொரோனா வைரஸ் 0.1 மைக்ரான் அளவுடையது. மேலே சொன்ன 0.27-க்கு வெகு கீழே. அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

ஜூலை 9, இரவு

செம்பருத்தி மகரந்தத்தை 400-இல் பார்த்தால் முள் தெரியும்போது விளிம்பு மறைகிறது, விளிம்பு தெரியும்போது முள் மறைகிறது என்று ஒயிட்ஃபீல்டுச் சிறுமியே இம்முறை எழுதியிருக்கிறாள். நன்றாகக் கவனித்திருக்கிறாய். மடங்கு ஏற ஏற, ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் சுருங்கும். 4 வில்லையில் அது ஏறத்தாழ 50 மைக்ரான். எண்ணெயோடு 100-இல் அரை மைக்ரான். உன் மகரந்தமோ 100 மைக்ரானுக்கும் மேல் விட்டமுள்ள உருண்டை. 10-இல் அது உருண்டை என்று முழுவதாகப் பார். 40-இல் நுண் திருகை மெல்லத் திருகி, மேலிருந்து கீழ்வரை படலம் படலமாக இறங்கு. ஒவ்வொரு மட்டத்திலும் கண்டதை வரைந்து வை. அந்தப் படங்களை அடுக்கினால் உருவம் கிடைக்கும்.

அரிசி மாவையும் உருளைக்கிழங்குச் சாற்றையும் அடுத்தடுத்துப் பார். உருளைக்கிழங்கின் மாவுமணி 100 மடங்கிலேயே பெரிதாகத் தெரியும். 400-இல் அதன்மேல் வளையங்களும் தெரியும். அரிசியின் மணிகள் சில மைக்ரான் அளவே உள்ளவை, மூலைகளோடு இருப்பவை. அவற்றின் வடிவத்தைச் சொல்ல 400 வேண்டும்.

ஜூலை 12, காலை

அடுத்து எந்த வில்லை வாங்கலாம் என்ற கேள்விக்கு: 20. பச்சை வளையம் போட்டிருக்கும், என்.ஏ. 0.40 இருந்தால் நல்லது. உங்கள் கருவியில் 200 மடங்கும் 0.9 மி.மீ. புலமும் கிடைக்கும், பாரமீசியம் ஓடாமல் புலத்துக்குள் நிற்க இடமுண்டு, அதன் உள்ளுறுப்புகளும் ஓரளவு தெரியும். 10-க்கும் 40-க்கும் நடுவே உள்ள தாவல் ஏரி நீர் பார்ப்பவர்களுக்கு மிகப் பெரியது; அதை இது நிரப்பும். வாங்குமுன் உங்கள் பழைய வில்லைகளின் பக்கத்தில் 160 என்று எழுதியிருக்கிறதா, முடிவிலிக் குறி இருக்கிறதா என்று பார்த்து, அதே வகையைக் கேளுங்கள். இரண்டும் ஒரே மரையில் பொருந்திவிடலாம். ஆனால் படம் சரியாக வராது.